போராளியின் கையில் கருவூலம்

மலையடிவாரத்துக் குரங்கணிக்கு நிதியமைச்சர் என்பவர் எங்கோ இருக்கும் ஆள் இல்லை. இந்த ஊர் அடங்கிய போடிநாயக்கனூர் தொகுதி 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஓ. பன்னீர்செல்வம் தமிழகத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் பலமுறை சட்டப்பேரவையில் படித்தவர். அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சரிவு யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்திருக்கிறது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறிய காலம் உண்டு. இன்றும் ஏலக்காயின் விலை ஏல மையத்தில் முடிவாகிறது. கூலி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டத்தில் முடிவாகிறது. வட்டியைக் கடன் கொடுப்பவர் முடிவு செய்கிறார். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் கையில் வாரக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை நிதித்துறை எடுக்கும் முடிவுகள் மெதுவாக, ஆனால் உறுதியாக மாற்றுகின்றன. ஆகவே, அதிகாரத்தை எதிர்த்துச் சிறை சென்ற ஒருவர் பின்னாளில் அதே அதிகாரத்தின் பணப்பெட்டிக்குக் காவலரானால் அவர் போராடிய காரணம் என்ன ஆகிறது என்ற கேள்வியை இங்கிருந்து கேட்பதில் பொருள் இருக்கிறது.

உலகம் இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் அதிகம் கேட்டது தென்னாப்பிரிக்காவை முன்வைத்துத்தான். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் சேர்ந்த அதே டர்பனில் 1949இல் பிறந்தவர் பிரவீன் கோர்தன். குஜராத்தி வழிவந்தவர், படிப்பால் மருந்தாளுநர். 1894இல் காந்தி தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸை எழுபதுகளில் மறுபடி எழுப்பிய தலைமுறையில் ஒருவர். அரசியலுக்காக மருத்துவமனை வேலையை இழந்தார், காவலில் வைக்கப்பட்டார், தலைமறைவாக இயங்கினார். வுலா என்ற இரகசிய நடவடிக்கை தொடர்பாக 1990இல் மீண்டும் கைதானார். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் பத்தாண்டுகள் வரித்துறையின் தலைவர். 2009 முதல் 2014 வரையும், 2015 டிசம்பர் முதல் 2017 மார்ச் வரையும் நிதியமைச்சர். அவருக்கு முன் 1996 முதல் 2009 வரை அப்பதவியில் இருந்த டிரெவர் மேனுவலும் கேப் டவுன் புறநகர்ப் போராட்டங்களில் பலமுறை அடைபட்டவர். இவர்களைப் பற்றி அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் சொன்ன தீர்ப்பு கடுமையானது. தெருவில் ஒன்றைப் பேசினார்கள், கருவூலத்துக்குள் போனதும் முதலீட்டாளர்களின் மொழியைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அது. இத்தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இது அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கிறது.

நம்மிடமே இதைவிடப் பழைய, நன்றாகப் பதிவான இரண்டு வாழ்க்கைகள் இருக்கின்றன. 1910 ஜனவரியில் பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், அதே ஆண்டு டிசம்பரில் தஞ்சை மாவட்டம் இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். இருவரும் வழக்கறிஞர்கள், இருவரும் வெள்ளையர் ஆட்சியில் சிறை கண்டவர்கள், இருவரும் காமராசர் அமைச்சரவையில் பணியாற்றியவர்கள், இருவரும் பிற்பாடு ஒன்றிய நிதியமைச்சர்கள். சுப்பிரமணியம் 1974 அக்டோபரிலிருந்து 1977 மார்ச் வரையிலும், வெங்கட்ராமன் 1980 ஜனவரியிலிருந்து 1982 ஜனவரி வரையிலும் அப்பதவியில் இருந்தார்கள். ஒருவருக்குப் பணவீக்கமும் நெருக்கடி நிலையும் வாய்த்தன. மற்றவருக்கு எண்ணெய் விலை ஏற்றமும் பன்னாட்டு நிதியத்தின் வாசலும் வாய்த்தன. ஒரே மண்ணும் ஒரே இயக்கமும் ஒரே தலைமுறையும் கொண்ட இவ்விருவரையும் தென்னாப்பிரிக்கர் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. போராளி நிதியமைச்சராகும்போது பற்றாக்குறையைக் குறைத்தாரா கூட்டினாரா, வரியை ஏற்றினாரா இறக்கினாரா என்பதிலெல்லாம் அவருடைய பழைய போராட்டம் தங்குவதில்லை. கஜானா காலியாக இருந்தால் யாரும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். அது தங்கக்கூடிய இடங்கள் இரண்டு. அடமானம் வைக்க ஏதுமில்லாதவனிடம் அரசின் பணம் போய்ச் சேர்வதற்கான நிலையான வழி ஒன்றை அவர் கட்டினாரா என்பது ஒன்று. தான் உட்கார்ந்திருக்கும் அரசே சட்டத்தை மீறும்போது பதவியைப் பணயம் வைத்தாரா என்பது மற்றொன்று. ஒன்றில் தேறியவர் மற்றதிலும் தேறியிருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை.

முதல் அளவுகோலுக்குச் சுப்பிரமணியத்தின் வாழ்க்கையைவிட வளமான சான்று கிடைப்பது அரிது. 1952 முதல் 1962 வரை சென்னை மாநிலத்தில் நிதியும் கல்வியும் சட்டமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்று தோற்றவர் அவர்; காமராசர் அவரை ஒதுக்காமல் அதே துறைகளோடு அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். இது பெருந்தன்மை என்று மட்டும் பேசப்படுகிறது. அதன் நிர்வாகப் பயன் இன்னும் பெரிது. பொதுவாகக் கல்வித்துறை கேட்கும், நிதித்துறை மறுக்கும். கோப்பு இரண்டுக்கும் இடையே அலையும். இங்கே கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம், ஊர்மக்களிடம் பொருளும் பணமும் திரட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளி ஆகியவை அந்தப் பத்தாண்டில் காகிதத்திலிருந்து தரைக்கு இறங்கியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இந்த ஒப்பற்ற சாதனையைக் காமராசர் பெயரில் மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கணக்குப் பார்த்து அதற்கு வழி செய்தவரையும் நினைக்க வேண்டும்.

ஒன்றிய நிதியமைச்சராக அவர் வந்தபோது நாட்டின் விலைவாசி கொதித்துக்கொண்டிருந்தது. 1974-75இல் மொத்த விலைகள் சராசரியாக 25 சதவீதம் ஏறின. அடுத்த ஆண்டில் ஏறாததோடு ஒரு சதவீத அளவுக்கு இறங்கவும் செய்தன. இந்தப் பெருமை முழுவதையும் அவருக்குத் தர முடியாது. சம்பள உயர்வையும் அகவிலைப்படியையும் கட்டாய வைப்பில் பூட்டும் நடவடிக்கை அவர் வருமுன்பே தொடங்கிவிட்டது. 1975இன் நல்ல அறுவடையும் கைகொடுத்தது. அந்த அறுவடைக்குப் பின்னால் உணவு அமைச்சராக அவரே 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்த துணிவும் இருந்தது என்பது வேறு செய்தி. வருமான வரியின் உச்ச விகிதத்தை 77 சதவீதத்திலிருந்து 66 ஆகக் குறைத்ததும் அவர்தான். இடதுசாரிகள் இதைப் பணக்காரருக்கான சலுகை என்றார்கள். என் பார்வையில் அவருடைய நிதியமைச்சர் காலத்தின் நடுநாயகம் இவற்றில் எதுவும் இல்லை. 1975 செப்டம்பர் 26 அன்று பிறந்த கிராம வங்கிகளுக்கான அவசரச் சட்டம்தான் அது. அவ்வாண்டு காந்தி பிறந்த நாளில் முதல் ஐந்து வங்கிகள் திறக்கப்பட்டன.

இதன் அருமை மலைச்சரிவில் நின்று பார்த்தால் புரியும். ஏலச்செடிக்கு மழைக்கு முன்பே செலவு உண்டு. களையெடுப்பு, நிழல்மரம் கழித்தல், மருந்து என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். காய் பறித்து, உலர்த்தி, தரம் பிரித்து, விற்றுப் பணமாக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் முன்பணம் தரும் வியாபாரியும் கந்துவட்டிக்காரரும் நுழைகிறார்கள். நிலமில்லாத கூலிக்கு இன்னும் கடினம். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம் வந்தால் காதில் கிடப்பதைக் கழற்ற வேண்டியதுதான். நாடெங்கும் இதே நிலைதான் என்பதை 1951-52இன் அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு காட்டியது. உழவர் வாங்கிய கடனில் அரசு, கூட்டுறவு, வங்கி ஆகிய மூன்றும் சேர்ந்து தந்தது நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்குதான். 1969இல் பெரிய வங்கிகள் அரசுடைமையானபின் நிலைமை மாறத் தொடங்கியது. ஆனால் நகரத்துச் சம்பளமும் நகரத்துப் பழக்கமும் கொண்ட கிளைக்குள் கால் வைக்கக் கூலிக்காரர் தயங்கினார். கிராம வங்கி இந்தத் தயக்கத்தைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டது. ஒன்றிய அரசுக்கு 50 சதவீதம், மாநிலத்துக்கு 15, தாய் வங்கிக்கு 35 என மூலதனப் பங்கு. ஊழியருக்கு மாநில அரசு ஊழியர் அளவிலான சம்பளம். கடன் சிறு குறு உழவர், விவசாயக் கூலி, கைவினைஞர் ஆகியோருக்கு மட்டும். தமிழகத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஆதரவில் 1977இல் பாண்டியன் கிராம வங்கி தோன்றியது. அதுவும் பல்லவன் கிராம வங்கியும் இணைந்து 2019இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. தோல்வியுற்ற நிறுவனத்துக்கு ஐம்பதாண்டு ஆயுள் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கிராம வங்கிகள் நட்டத்தில் மூழ்கின, மூலதனத்தையே தின்றுவிட்டன, கடைசியில் நகைக்கடன் கொடுக்கும் இன்னொரு வணிக வங்கியாகிவிட்டன என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்த 196 வங்கிகளில் மிகப் பெரும்பாலானவை நட்டக் கணக்குதான் காட்டின. ஊழியரின் சம்பளம் தாய் வங்கிச் சம்பளத்துக்கு இணையாக்கப்பட்டதும் மலிவான அமைப்பு என்ற அடிப்படையே ஆடியது. ஏழைக்கு மட்டும் கடன் என்ற விதி தளர்ந்தது. இணைப்புக்குமேல் இணைப்பாக இன்று நாடெங்கும் 28 வங்கிகளே உள்ளன. ஆனால் நட்டம் எதனால் வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஏழைகள் கடனைத் திருப்பிக் கட்டாததால் மட்டும் வந்ததில்லை. கடனுக்கான வட்டியை மேலிருந்து கட்டிவைத்து, சிறிய கணக்குகளை மட்டுமே வைத்துக்கொள் என்று சொல்லி, வேறெங்கும் ஈட்டவும் விடாமல் நிறுத்திய நிறுவனம் இலாபம் காட்டியிருந்தால்தான் வியப்பு. நகைக்கடனைப் பழிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அடகுக் கடையில் மீளாமல் மூழ்கும் தாலிச்சரடு வங்கியில் வரையறுத்த வட்டிக்கு ஓராண்டு பத்திரமாக இருப்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விடுதலை இல்லை.

வெங்கட்ராமனின் வழக்கு இதைவிடச் சிக்கலானது, எனக்கு இதில் முழு நிறைவான விடையும் இல்லை. 1942 இயக்கத்தில் இரண்டாண்டு காவலில் இருந்தவர். 1946இல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சப்பானியருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியருக்காக வாதாட அனுப்பப்பட்டவர். தொழிலாளர் சட்டத்துக்கென்றே 1949இல் ஓர் இதழ் தொடங்கியவர். தோட்டத் தொழிலாளர், எஸ்டேட் ஊழியர், துறைமுக, இரயில்வேத் தொழிலாளர் ஆகியோரின் சங்கங்களைக் கட்டியவர்களில் ஒருவர் என்பதால் மலைத்தோட்டங்களின் வரலாற்றில் அவருக்கு உரிமையான இடம் உண்டு. அவர் நிதியமைச்சரானபின் 1980 ஏப்ரலில் மேலும் ஆறு வங்கிகள் அரசுடைமையாயின. நபார்டு வங்கிக்கான சட்டம் 1981இல் நிறைவேறியது. கிராம வங்கிகளும் கூட்டுறவுகளும் இன்றுவரை சாய்ந்து நிற்கும் தூண் அது. அதே 1981இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 1951இல் வந்த அச்சட்டத்தின் வரம்புக்குள் ஏலத்தோட்டங்களும் கொண்டுவரப்பட்டன. 15 பேர் வேலை செய்யும் 5 ஹெக்டேர் தோட்டத்துக்கும் அது பொருந்தியது. இந்தத் திருத்தம் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை. அதை அவர் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அவர் இருந்த அரசுதான் அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் எஸ்மாவையும் அதே ஆண்டில் கொண்டுவந்தது. தொழிற்சங்க வழக்கறிஞர் அதைத் தடுத்ததாகப் பதிவில்லை. கறுப்புப் பணத்தை யாருடையது என்று கேட்காமலே வாங்கிக்கொண்ட 1981இன் சிறப்புப் பத்திரங்களும் அவருடையவைதான். அவை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் நீதிபதி ஏ.சி. குப்தா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நேர்மையாக வரி கட்டியவரை அரசே ஏமாளியாக்கும் வேலை அது என்ற எண்ணத்தை நானும் கைவிடவில்லை.

பன்னாட்டு நிதியத்திடம் 1981 நவம்பரில் பெற்ற 500 கோடி எஸ்டிஆர் (நிதியத்தின் கணக்கு அலகு) கடனுக்காக அவர் மேல் விழுந்த பழியை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். அதுவரை நிதியம் யாருக்கும் கொடுத்திராத பெரும் தொகை அது. மேற்கு வங்க நிதியமைச்சர் அசோக் மித்ரா உள்ளிட்டோர் நாட்டின் தன்னுரிமை அடகுபோகிறது என்று எச்சரித்தனர். அந்த அச்சம் பொருளற்றதென்று சொல்ல மாட்டேன். நிதியத்தின் நிபந்தனைகளில் சிக்கிய நாடுகள் அன்றே பல இருந்தன. ஆனால் எண்ணெய்க்கு அன்னியச் செலாவணி வேண்டும், வறட்சியிலிருந்து அப்போதுதான் நாடு மீண்டிருந்தது. கடன் முழுவதையும் எடுக்காமல் 390 கோடியோடு நிறுத்திக்கொண்டு 1984இல் மீதியை இந்தியா வேண்டாமென்று விட்டது. அடகு வைத்தவன் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. இறுக்கமான நிதி முடிவு ஒன்றைக் கண்டதும் போராட்டத்துக்குத் துரோகம் என்று கூவும் பழக்கம் எங்கே தவறுகிறது என்பதற்கு இதுவே எனக்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பினால் அதே தவறு மேனுவல் விஷயத்திலும் நடந்திருக்கிறது. 1996இன் ஜியர் பொருளாதாரத் திட்டம் பற்றாக்குறையைக் குறைத்தது, கடன் சுமையை இறக்கியது, வேலையின்மையை இறக்கவில்லை. இதில் தொழிற்சங்கங்களின் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அவர் காலத்தில்தான் 1998இல் குழந்தை ஆதரவுத் தொகை தொடங்கி, சமூக உதவி பெறுவோர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. அந்தப் பணம் வந்த வழி கோர்தன் நடத்திய வரித்துறை. நிறவெறி அரசிடமிருந்து கைக்கு வந்த துருப்பிடித்த துறையை வரி கட்டுபவரும் மதிக்கும் அமைப்பாக அவரும், தலைமறைவு இயக்கத்தில் வளர்ந்த ஐவன் பிள்ளை போன்ற தோழர்களும் மாற்றினார்கள். முதல் அளவுகோலில் இவர்கள் பாதியளவு தேறினார்கள் என்பேன். உதவித்தொகை பசியைத் தள்ளிப்போட்டது. நிலமும் தொழிலும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தன.

இரண்டாவது அளவுகோலில் கோர்தன் நிமிர்ந்து நின்றார். 2015 டிசம்பரில் அதிபர் சூமா அன்றைய நிதியமைச்சரை நீக்கினார்; நாணயம் சரியவே, நான்கே நாளில் வேறு வழியின்றிக் கோர்தனை மறுபடி அழைத்தார். வந்தவர் சூமாவுக்கு நெருக்கமான குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் நிறுவனங்களுக்கு அரசுப் பணம் போன வழிகளை மறித்தார். 2016 அக்டோபரில் 680 கோடி ராண்டு மதிப்புள்ள ஐயத்துக்குரிய பரிமாற்றங்களின் பட்டியலை நீதிமன்றத்தில் வைத்தார். அதே மாதம் அவர் மீதும் ஐவன் பிள்ளை மீதும் மோசடி வழக்கு போடப்பட்டது. மாத இறுதிக்குள் அது கைவிடப்பட்டது. 2017 மார்ச்சில் முதலீட்டாளர்களைச் சந்திக்க இலண்டன் போயிருந்தவரைப் பாதியில் திருப்பி அழைத்துப் பதவி நீக்கினார்கள். பின்னாளில் அந்த ஊழல்களை விசாரித்த சோண்டோ ஆணையம் வெளிக்கொணர்ந்தவை அவர் மறித்த இடங்கள் சரியானவை என்று காட்டின. 2018க்குப் பிறகு அரசு நிறுவனங்களின் அமைச்சராக மின்வெட்டைத் தீர்க்க முடியாமல் அவர் திணறியதும் உண்மை. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் சில இதை மறைத்தன. திறமைக் குறைவை நேர்மையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் நேர்மையின் பெயரில் பதவி இழந்தவரிடம் தெருவில் நின்ற பழைய மனிதர் மிச்சமிருந்தார் என்பதையும் மறுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் சுப்பிரமணியத்தின் கணக்கு எனக்கு வலிக்கிறது. கிராம வங்கிச் சட்டம் வந்த அதே 1975 செப்டம்பர் கடைசி வாரத்தில் இன்னொரு அவசரச் சட்டமும் வந்தது; தொழிலாளரின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. தீபாவளிக்குக் கையில் வரும் போனஸை எண்ணித்தான் தோட்டக் குடும்பங்கள் துணி எடுக்கின்றன. அதைக் கேட்டுத் தெருவில் இறங்கவும் அப்போது வழியில்லை. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஜூன் 25 நள்ளிரவுக்குப் பின் நாட்டில் வேலைநிறுத்தமும் கூட்டமும் அச்சும் முடங்கியிருந்தன. ஒரு காலத்தில் தன்னை விசாரணையின்றி அடைத்த ஆட்சியை எதிர்த்தவரின் அரசு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றி அடைத்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் சென்னை மத்தியச் சிறைக்குப் போனவர்கள் அடிபட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களோடு உயிர்விட்டார். ஒன்றிய நிதியமைச்சர் நாற்காலியில் கொங்கு நாட்டுச் சிறைப்பறவை அமர்ந்திருந்தார்.

அவர் விலகியிருந்தால் கிராம வங்கி வந்திருக்காது, உள்ளே இருந்து நல்லது செய்தார் என்று வாதிடுவோர் உண்டு. நரசிம்மம் தலைமையிலான குழு அமைத்து, அறிக்கை பெற்று, திட்டமும் கையில் இருந்த நிலையில் வேறொரு நிதியமைச்சர் அதைத் தடுத்திருப்பார் என்று கொள்ள ஆதாரமில்லை. வங்கியை எவரும் திறந்திருக்கலாம். எதிர்ப்பை அவர் மட்டுமே அவர் இடத்திலிருந்து காட்டியிருக்க முடியும். அமைச்சரவையில் ஒருவருமே விலகவில்லையே, இவரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வாதம். மற்றவர்களிடம் எதிர்பார்க்காததை இவரிடம் எதிர்பார்ப்பதற்குக் காரணத்தை அவருடைய வாழ்க்கையே தருகிறது. 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் எரிந்தபோது, சாஸ்திரி அமைச்சரவையிலிருந்து ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து விலகல் கடிதம் கொடுத்தவர் இதே சுப்பிரமணியம். மொழி பற்றிய உறுதிமொழி கிடைத்தபின்தான் அதைத் திரும்பப் பெற்றார். பின்னாளிலும், 1978இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா காந்தியின் பக்கம் அவர் போகவில்லை. 1993இல் பிரதமர் நரசிம்ம ராவைக் குறைகூறிய பேச்சு வெளியானதும் மகாராட்டிர ஆளுநர் பதவியை விட்டு இறங்கினார். பதவியைத் துறக்கத் தெரிந்தவர் அவர், நெருக்கடி நிலைக்கு முன்னும் பின்னும். அந்த இருபத்தொரு மாதங்களில் மட்டும் அவர் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.